எல்லா டிராஃபிக்கும் என்க்ரிப்ட் ஆன பிறகு ஃபயர்வால் பாலிசியை எப்படி எழுதுவது? (ஏற்காடு, விடுதிப் பள்ளி)

மலைக்காற்று:

வணக்கம். ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஃபைபர் லைன் இருக்கிறது, மழைக்காலத்தில் மரம் சாய்ந்து அது அறுந்தால் சேலத்திலிருந்து வயர்லெஸ்ஸில் வரும் இன்னொரு லைன் எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டி, அதில் என்எஃப்டேபிள்ஸ் (ஃபயர்வால்), அன்பவுண்ட் (டிஎன்எஸ், அதாவது தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்), சுரிகாட்டா (டிராஃபிக்கைச் சோதிக்கும் மென்பொருள்). மாணவர்களின் டேப்லெட், ஆசிரியர்களின் போன், ஆபீஸ் கணக்குக் கணினிகள், கேமரா, விருந்தினர் வைஃபை என்று எல்லாம் இதன் வழியாகத்தான் போகிறது.

எனக்கு முன்பு இருந்தவர் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார். 443 போர்ட்டுக்குப் போகும் முதல் டேட்டா பாக்கெட்டை என்எஃப்க்யூ என்ற கெர்னல் வரிசை வழியாக அதற்கு அனுப்புவார்கள், அது எஸ்என்ஐயை, அதாவது ப்ரவுசர் வெளிப்படையாக அனுப்பும் தளப் பெயரை, படித்து விடலாமா தடுக்கலாமா என்று சொல்லும். வருடக்கணக்கில் நன்றாக ஓடியது. இப்போது குரோமில் மட்டும் தடுத்த தளங்கள் சில நேரம் திறக்கின்றன, சில நேரம் இல்லை. ஒரே டேப்லெட், ஒரே தளம், ரெஃப்ரெஷ் அடித்தால் முடிவு மாறுகிறது.

இதற்கிடையில் ஒரு விற்பனையாளர் மேலே வந்து, எல்லாவற்றையும் டிக்ரிப்ட் செய்து பார்க்கும் பெட்டி ஒன்றை வாங்கச் சொல்லி நிர்வாகத்திடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். நிர்வாகம் என் கருத்தைக் கேட்கிறது. பெட்டி வாங்குவது அப்புறம், முதலில் பாலிசியை இன்றைய நிலைமைக்கு ஏற்ப எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்துரோடு_நெட்:

ரெஃப்ரெஷ் அடித்தால் முடிவு மாறுகிறது என்று சொன்னீர்களே தம்பி, அதிலேயே காரணம் இருக்கிறது. குரோம் 2024-இல் போஸ்ட் குவாண்டம் (எதிர்காலக் குவாண்டம் கணினிகளையும் தாங்கும்) சாவிப் பரிமாற்றத்தை டீஃபால்ட் ஆக்கியது. முன்பு எக்ஸ்25519 சாவிக்கு 32 பைட் போதும், இப்போது அதோடு எம்எல்-கெம் 768 சாவி 1,184 பைட் சேர்ந்துவிட்டது. ஆக கிளையண்ட் ஹலோ, அதாவது டிஎல்எஸ் என்க்ரிப்ஷனைத் தொடங்க ப்ரவுசர் அனுப்பும் முதல் செய்தி, 1,500 பைட் பாக்கெட்டில் அடங்காது, இரண்டாக உடைந்துதான் வரும். இதற்கும் முன்பே, 110-ஆம் வெர்ஷனிலிருந்து, அந்த ஹலோவில் இருக்கும் எக்ஸ்டென்ஷன்களின் (எஸ்என்ஐயும் அதில் ஒன்று) வரிசையைக் குரோம் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் கலைத்துப் போடுகிறது. இரண்டும் சேர்ந்தால் எஸ்என்ஐ சில நேரம் முதல் பாக்கெட்டில் இருக்கும், சில நேரம் இரண்டாவதில். உங்கள் புரோகிராம் முதல் பாக்கெட்டில் பெயர் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுகிறது போல.

சரி செய்வது பெரிய வேலை இல்லை. டிஎல்எஸ் ரெக்கார்டின் முதல் பைட் 22 என்றால் ஹேண்ட்ஷேக். அடுத்த இரண்டு பைட் வெர்ஷன், அதற்கடுத்த இரண்டு பைட் ரெக்கார்டின் நீளம். அந்த நீளத்தைப் படித்து, கையில் இருப்பது அதைவிடக் குறைவாக இருந்தால் முடிவு சொல்லாமல் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது முதல் பாக்கெட்டைப் பிடித்து வைக்கத் தேவையில்லை. ஒரு நகலை எடுத்துக்கொண்டு அதை விட்டுவிடுங்கள், கடைசித் துண்டில் தீர்ப்புச் சொல்லுங்கள். முழு ஹலோ போய்ச் சேராமல் எதிர்முனை சர்வரால் எதுவும் செய்ய முடியாது.

இன்னொன்று பாருங்கள். அந்த க்யூ ரூலில் பைபாஸ் என்று போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் அந்தப் புரோகிராம் செத்துப்போனால் எல்லா பாக்கெட்டும் கேள்வி இல்லாமல் போகும். போடாவிட்டால் புரோகிராம் செத்ததும் பள்ளி முழுக்க நெட் நின்றுவிடும். இரண்டில் எது வேண்டும் என்பது பாலிசி முடிவு. பல இடங்களில் நான் பார்ப்பது, இதை யாரும் முடிவு செய்திருக்கவே மாட்டார்கள், இணையத்தில் கிடைத்த உதாரணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

மலைக்காற்று:

பைபாஸ் இருக்கிறது அண்ணா. நீங்கள் சொன்ன நீளத்தையும் பார்த்தேன், அந்தப் புரோகிராம் அதைத் தொடவே இல்லை, முதல் பாக்கெட்டின் கடைசி வரை தேடிவிட்டு "பெயர் இல்லை, விடு" என்று திரும்பிவிடுகிறது. இதைத் திருத்திவிடலாம். ஆனால் யூடியூப், குவிக் என்ற புதிய புரோட்டோகாலில்தானே போகிறது? அது டிசிபி இல்லை, யுடிபி, இந்தப் புரோகிராமின் பக்கமே வருவதில்லை.

அரபிக்கா:

குவிக்கின் முதல் பாக்கெட்டையும் படிக்க முடியும். அது என்க்ரிப்ட் ஆகித்தான் வரும், ஆனால் அதன் சாவி அந்தப் பாக்கெட்டிலேயே இருக்கும் கனெக்‌ஷன் ஐடியிலிருந்தும் குவிக்கின் தர ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 9001-இல் எல்லோருக்கும் தெரியும்படி அச்சிட்டிருக்கும் ஒரு சால்ட்டிலிருந்தும் (நிலையான எண்) கணக்கிடப்படுவது. நடுவில் இருக்கும் யாரும் திறக்கலாம். குவிக் இரண்டாம் வெர்ஷனுக்கு அந்த சால்ட் வேறு. போதாததற்கு குரோம் ஹலோவைத் துண்டு துண்டாக்கி வரிசை மாற்றி அனுப்பும், நீங்கள் அடுக்கிச் சேர்க்க வேண்டும். சுரிகாட்டா 7 குவிக்கைப் புரிந்துகொள்ளும், எனவே இதை நீங்களே எழுத வேண்டாம்.

இங்கே எழுதும் பலருக்கும் ஈபிபிஎஃப் (கெர்னலுக்குள்ளேயே சின்ன புரோகிராம் ஓட்டும் வசதி) மீது ஆசை இருக்கிறது, எனக்கும் அதுதான் பிழைப்பு, இருந்தாலும் சொல்கிறேன்: அதன் எக்ஸ்டிபியில் (பாக்கெட் உள்ளே வந்ததுமே ஓடும் இடம்) டிஎல்எஸ் பார்ஸ் செய்யாதீர்கள். எக்ஸ்டிபி பார்ப்பது ஒரு பாக்கெட்டை, ஓட்டத்தை அல்ல. ஒவ்வொரு பைட்டைத் தொடும் முன்பும் பாக்கெட்டின் முடிவைத் தாண்டவில்லை என்று, புரோகிராமைச் சோதிக்கும் கெர்னல் வெரிஃபையருக்கு நிரூபிக்க வேண்டும், நீளம் மாறிக்கொண்டே இருக்கும் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் அது நரகம். உடைந்து வரும் ஹலோவுக்கு அங்கே இடமே இல்லை. எக்ஸ்டிபியை வைத்துச் செய்ய வேண்டியது, தெரிந்த கெட்ட ஐபிகளை வாசலிலேயே தள்ளுவது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு என் யோசனை: மாணவர் குழுவுக்கு யுடிபி 443-ஐ மூடிவிடுங்கள். டிராப் போடாதீர்கள், ரிஜெக்ட் போடுங்கள், டிவைஸுக்கு உடனே தெரிந்து டிசிபிக்குத் திரும்பிவிடும். ஆசிரியர்களுக்கும் விருந்தினர்களுக்கும் மூட வேண்டியதில்லை. பாக்கெட் தொலையும் உங்கள் வயர்லெஸ் லைனில் குவிக் அவர்களுக்கு உண்மையாகவே உதவும்.

ஜங்ஷன்_வாசி:

எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். நான் சேலத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் செக்யூரிட்டி பார்க்கிறேன். எங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் எங்கள் சொந்த சிஏ (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பு) சர்டிஃபிகேட் இருக்கிறது, நடுவில் நிற்கும் புராக்ஸி எல்லாவற்றையும் திறந்து பார்த்துத்தான் விடும். மால்வேர் இன்று வெறும் எச்டிடிபியில் வருவதில்லை, அதுவும் டிஎல்எஸ்ஸில்தான் வருகிறது. எஸ்என்ஐ பெயரை மட்டும் பார்ப்பவனுக்கு, நல்ல பெயருள்ள கிளவுட் ஸ்டோரேஜிலிருந்து இறங்கும் கெட்ட ஃபைல் எப்படித் தெரியும்? எஸ்என்ஐ பொய்யாகவும் இருக்கலாம். டிஎல்எஸ் 1.2-இல் சர்வர் சர்டிஃபிகேட்டாவது வெளியே தெரிந்தது, 2018-இல் வந்த 1.3-இல் அதையும் மூடிவிட்டார்கள். திறக்காமல் பாதுகாப்பு என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

கொலுசுப்பட்டறை:

செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளி வியாபாரம், ஆபீஸ் கணினி எல்லாம் என் பொறுப்பு. நீங்கள் சொல்வது போன்ற பெட்டி ஒன்றை எங்களிடமும் விற்றார்கள். அது ஓடிய காலத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், இளசுகள் தெரிந்துகொள்ளட்டும்.

வங்கியின் கார்ப்பரேட் தளத்தில் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை வைத்து லாகின் ஆக முடியவில்லை. டோக்கனுக்கும் வங்கிக்கும் நடுவில் பெட்டி உட்கார்ந்தால் எப்படி நடக்கும்? போன் ஆப்கள் பாதி வேலை செய்யவில்லை. விற்றவரைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தளமாக விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். அப்புறம் பெட்டியின் சொந்த சர்டிஃபிகேட் காலாவதியாகி, எந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்பு எச்சரிக்கை. கணக்குப் பெண்கள் என்ன செய்வார்கள்? மாத இறுதி, ரிட்டர்ன் போட வேண்டும். "அட்வான்ஸ்ட்" அழுத்தி "ப்ரொசீட்" அழுத்தி உள்ளே போகப் பழகிவிட்டார்கள். பெட்டியைக் கழற்றிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் எச்சரிக்கை வந்தால் கை தானாக அங்கே போகிறது. ஒரு போலி வங்கித் தளம் அவர்கள் முன்னால் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு கொலுசையும் உருக்கியா டச் (தூய்மை) பார்க்கிறோம்? உரைத்துப் பார்ப்போம், சந்தேகம் வந்ததைத்தான் உருக்குவோம்.

ஐந்துரோடு_நெட்:

அண்ணன் சொன்ன அனுபவத்துக்கு ஆய்வும் இருக்கிறது. 2017-இல் என்டிஎஸ்எஸ் என்ற செக்யூரிட்டி மாநாட்டில் வந்த கட்டுரையில், நடுவில் புகுந்து திறக்கப்படும் கனெக்‌ஷன்களை அளந்தார்கள். எங்கிருந்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து 4 முதல் 11 சதவீதம் வரை வந்தது. அதைவிட முக்கியம், அப்படித் திறக்கும் பொருள்களில் பெரும்பாலானவை கனெக்‌ஷனின் பாதுகாப்பைக் குறைத்தன. உள்ளே நல்ல சைஃபர் (என்க்ரிப்ஷன் முறை), வெளியே பழைய சைஃபர், சில பெட்டிகள் எதிர்முனை சர்டிஃபிகேட்டை ஒழுங்காகச் சரிபார்ப்பதுகூட இல்லை. அதே வருடம் மார்ச்சில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது.

ஜங்ஷன் சார், உங்கள் நிறுவனத்தில் நீங்கள் செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணினி, உங்கள் டொமைன், ஊழியர் கையெழுத்துப் போட்ட கொள்கை, பெட்டியைக் கவனிக்க ஆள். பள்ளியில் இவை இல்லை. ஆண்ட்ராய்டு 7 வந்த 2016-இலிருந்து, பயனர் நிறுவிய சிஏவை ஆப்கள் டீஃபால்ட்டாக நம்புவதில்லை. ஆசிரியரின் சொந்த போனில் உங்கள் சிஏவைப் போட்டால் ப்ரவுசர் திறக்கும், ஆப் திறக்காது. நெட் வேலை செய்யவில்லை என்று அவர் மொபைல் டேட்டாவுக்குப் போய்விடுவார். நீங்கள் எதைப் பாதுகாத்தீர்கள்?

இன்னொரு விஷயம்தான் எனக்கு மனதில் நிற்கிறது. விடுதியில் இருப்பவர்கள் பிள்ளைகள். ராத்திரி அம்மாவுக்கு எழுதும் மெயில், உடம்பு சரியில்லை என்று தேடும் தேடல், யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை ஹெல்ப்லைனில் சொல்லும் பேச்சு, இதெல்லாம் ஒரு பெட்டியின் டிஸ்க்கில் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கக் கூடாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது முடியாத எல்லாரும் குழந்தைகள். அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்கு அதில் தனித் தடை இருக்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் அது கல்விக்கும் பாதுகாப்புக்கும் தேவையான அளவுக்குத்தான். நிர்வாகத்திடம் முதலில் இதைச் சொல்லுங்கள், விலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஜங்ஷன்_வாசி:

பிள்ளைகள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். விடுதியில் திறக்க வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளியின் ஆபீஸ் கணினிகளில் கட்டணம் வசூலாகிறது, சம்பளம் போகிறது. அங்கே ஒரு ரான்சம்வேர் வந்தால் மொத்தமும் போச்சு. அங்கே திறந்தே ஆக வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

ஐந்துரோடு_நெட்:

அங்கே பாதியைத் திறக்கலாம். ஸ்குவிட் என்ற புராக்ஸியில் பீக், ஸ்ப்ளைஸ், பம்ப் என்று மூன்று செயல்கள் உண்டு. முதல் படியில் பீக் செய்து எஸ்என்ஐயை மட்டும் பார்க்கலாம். வங்கி, மருத்துவமனை, அரசுத் தளம் என்றால் ஸ்ப்ளைஸ், அதாவது தொடாமல் அப்படியே கடத்திவிடுவது. மீதியில் தெரியாத, புதிய தளங்களை மட்டும், அதுவும் பள்ளிக்குச் சொந்தமான ஆபீஸ் கணினிகளில் மட்டும் பம்ப், அதாவது டிக்ரிப்ட் செய்து பார்ப்பது. டீஃபால்ட் ஸ்ப்ளைஸ் ஆக இருக்கட்டும். டீஃபால்ட்டை பம்ப் ஆக வைத்துவிட்டு விலக்குப் பட்டியலைத் துரத்திக்கொண்டு ஓடியதால்தான் கொலுசு அண்ணனுக்கு அந்த நிலைமை.

மலைக்காற்று:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்தது ஈசிஎச், அதாவது ஹலோவையே என்க்ரிப்ட் செய்யும் முறை. எஸ்என்ஐயே மறைந்துவிட்டால் இந்தப் பீக் எல்லாம் வீண்தானே அக்கா?

அரபிக்கா:

ஈசிஎச்சில் வெளியே தெரியும் ஹலோவில் ஒரு பொதுப் பெயர்தான் இருக்கும், உண்மையான பெயர் உள்ளே மறைந்திருக்கும். பல தளங்களுக்கு முன்னால் நிற்கும் சேவையான கிளவுட்ஃப்ளேருக்குப் பின்னால், ஈசிஎச் போட்டிருக்கும் தளங்கள் எல்லாம் உங்கள் லாகில் ஒரே பெயராகத் தெரிவது இதனால்தான். ஆனால் அந்த மறைவுக்கான சாவியை ப்ரவுசர் எங்கிருந்து எடுக்கிறது? டிஎன்எஸ்ஸிலிருந்து, எச்டிடிபிஎஸ் என்ற டைப் 65 ரெக்கார்டில். அன்பவுண்ட் உங்கள் கையில் இருக்கிறது. மாணவர் குழுவுக்கு அந்தக் கேள்விக்கு வெற்றுப் பதில் கொடுத்தால் ப்ரவுசர் பழையபடி எஸ்என்ஐ அனுப்பும்.

இது நடக்க எல்லோரும் உங்கள் டிஎன்எஸ்ஸைத்தான் பயன்படுத்த வேண்டும். டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் 853 போர்ட், மூடுவது எளிது. டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் (டிஓஎச்) 443-இலேயே போகும், தெரிந்த சர்வர்களின் பட்டியலை வைத்துத்தான் தடுக்க முடியும், அந்தப் பட்டியல் என்றைக்கும் முழுமையாகாது. ஃபயர்ஃபாக்ஸ் தானாக டிஓஎச் போடும் முன் ஒரு கானரி டொமைனை, அதாவது இதற்கென்றே வைத்த ஒரு சோதனைப் பெயரை, கேட்டுப் பார்க்கும், அப்படி ஒரு பெயர் இல்லை என்று பதில் சொன்னால் போடாது. பயனர் தானே போட்டிருந்தால் இதை மதிக்காது. ஆப்பிளின் பிரைவேட் ரிலேவுக்கும் (டிராஃபிக்கை மறைத்து அனுப்பும் சேவை) இதே போல் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

உங்கள் டேப்லெட்கள் பள்ளிக்குச் சொந்தம் என்றால் இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை. குரோம் பாலிசியிலேயே ஈசிஎச், டிஓஎச் இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு, எம்டிஎம் (டிவைஸ்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாகத் தள்ளிவிடலாம். டிவைஸிடம் நேராகச் சொல்ல முடிந்த விஷயத்தை நடுவழியில் பாக்கெட்டைப் பிடித்துச் செய்வது எப்போதுமே பலவீனமான வழி. நெட்வொர்க்கில் எழுதும் ரூல், டிவைஸில் போட்ட பாலிசி தப்பிப்போனால் பிடிக்கும் இரண்டாவது வலையாக மட்டும் இருக்கட்டும்.

விருந்தினர் வைஃபையில் ஈசிஎச்சைத் தொடாதீர்கள். யாரோ ஒரு பெற்றோர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது பள்ளிக்குத் தேவையே இல்லை. அந்த விஎல்ஏஎன்னை (ஒரே கம்பியில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்தால் போதும்.

கொலுசுப்பட்டறை:

யூடியூபை மாணவர்களுக்கு முழுக்கத் தடுக்கிறீர்களா தம்பி? பாடத்துக்கே தேவைப்படுமே.

மலைக்காற்று:

தேவைப்படுகிறது, அதுதான் தலைவலி. கூகுளைத் திறந்துவிட்டு யூடியூபைத் தடுத்தால் சில நேரம் வீடியோ ஓடிவிடுகிறது.

ஐந்துரோடு_நெட்:

கூகுளின் சர்டிஃபிகேட்டில் யூடியூப் பெயரும் இருக்கிறது. எச்டிடிபி 2-இல் ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்‌ஷனை, ஐபியும் சர்டிஃபிகேட்டும் பொருந்தினால், ப்ரவுசர் வேறு பெயருக்கும் பயன்படுத்திக்கொள்ளும். உங்கள் பக்கம் கூகுள் எஸ்என்ஐ மட்டும்தான் தெரிந்திருக்கும். இதற்குத் தடுப்பை விடச் சிறந்த வழி, டிஎன்எஸ்ஸில் யூடியூப் பெயர்களை அதன் ரெஸ்ட்ரிக்ட் (வீடியோக்களை வடிகட்டிக் காட்டும்) முகவரிக்கு சிநேம் ஆக, அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் ரெக்கார்டாக, மாற்றிவிடுவது. கூகுள் சேஃப் சர்ச்சுக்கும் அதே மாதிரி முகவரி உண்டு. கூகுளே இதற்காகக் கொடுத்திருக்கும் வழி, எதையும் திறக்கத் தேவையில்லை.

அரபிக்கா:

இப்போது நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், பாலிசியை எப்படி எழுதுவது. இதுவரை ரூல்கள் "இந்தத் தளம் கூடாது" என்று எழுதப்பட்டிருக்கும். அதைத் திருப்பிப் போடுங்கள், "இந்தக் குழு இதற்கு மட்டும்" என்று. கேமரா டிவிஆருக்கு என்ன வேண்டும்? நேரம் காட்டும் என்டிபி, அப்புறம் ஆபீஸில் ஒரு கணினி. அவ்வளவுதான், இணையமே வேண்டாம். அங்கே என்க்ரிப்ஷன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆபீஸ் கணினிக்கு வங்கி, ஜிஎஸ்டி, மெயில், அப்டேட் சர்வர்கள். குழு எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு உள்ளே எட்டிப்பார்க்கும் தேவை குறையும். மீதி இருக்கும் அகலமான குழுக்கள் மாணவரும் ஆசிரியரும்தான், நம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

குழுவை மேக் முகவரியை (டிவைஸின் வைஃபை அடையாள எண்) வைத்துப் பிரிக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் மேக் ஒவ்வொரு வைஃபைக்கும் போலியாக மாறும். 802.1எக்ஸ் (நெட்வொர்க்கில் சேரும் முன் அடையாளம் கேட்கும் முறை) போட்டு, டேப்லெட்டில் இருக்கும் சர்டிஃபிகேட்டைப் பார்த்து விஎல்ஏஎன் ஒதுக்குங்கள்.

இதையெல்லாம் நேராக என்எஃப்டேபிள்ஸ் மொழியில் எழுதாமல், மனிதர் படிக்கும்படி ஒரு ஃபைலில் வையுங்கள்: குழு, எங்கே போகலாம், எந்த நேரம், சோதனை புரோகிராம் செத்தால் திறப்பதா மூடுவதா, யார் கேட்டு எதற்காகச் சேர்த்தது. அதை கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) போட்டு, அதிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ரூல்களை உருவாக்கட்டும். ஃபைலாகக் கொடுத்தால் என்எஃப்டேபிள்ஸின் என்எஃப்டி கட்டளை முழுவதையும் ஒரே அடியில் மாற்றும், பாதி பழையது பாதி புதியது என்ற நிலை வராது. போடும் முன் சரிபார்க்க மட்டும் செய்யும் ஆப்ஷனும் இருக்கிறது. "யார், எதற்காக" என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரணம் எழுதாத ரூலை நீக்க யாருக்கும் தைரியம் வராது, அது அங்கேயே கிடந்து நாறும்.

ஜங்ஷன்_வாசி:

லாக் விஷயத்தை யாரும் பேசவில்லை. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி 180 நாள் லாக் இந்தியாவில் இருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் அறிக்கை போக வேண்டும், கடிகாரம் எல்லாம் என்ஐசி அல்லது என்பிஎல் என்டிபியோடு ஒத்திருக்க வேண்டும். நேரம், டிவைஸ், சேருமிடம், எத்தனை பைட், இவ்வளவும் இருந்தால் விசாரணைக்குப் பெரும்பாலும் போதும். மால்வேர் தன்னை ஏவியவனின் சர்வரோடு பேசுவது உள்ளே பார்க்காமலே தெரியும். ராத்திரி முழுக்க ஒரே இடைவெளியில் ஒரே ஐபிக்குச் சின்னச் சின்ன பாக்கெட் போனால் அது மனிதன் இல்லை. எந்த மென்பொருள் பேசுகிறது என்று ஹலோவை வைத்து அடையாளம் காணும் கைரேகை வேண்டுமென்றால் பழைய ஜேஏ3-ஐ விட்டுவிட்டு ஜேஏ4 எடுங்கள், குரோம் வரிசையைக் கலைப்பதால் ஜேஏ3 நிலையாக வராது. ஜேஏ4 வரிசைப்படுத்திவிட்டுத்தான் கணக்கிடும்.

மலைக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. நிர்வாகத்துக்கு எழுதிவிட்டேன்: முழு டிக்ரிப்ஷன் வேண்டாம், ஆபீஸ் கணினிகளில் மட்டும் ஸ்ப்ளைஸ் டீஃபால்ட்டோடு ஸ்குவிட், அந்தப் பணத்தில் எம்டிஎம் லைசென்ஸும் 802.1எக்ஸ் தாங்கும் ஸ்விட்சுகளும். என்ன லாக் ஆகிறது, என்ன ஆகவில்லை என்று பெற்றோருக்கு ஒரு பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுக்கவும் கேட்டிருக்கிறேன். புரோகிராம் செத்தால் மாணவர் குழு மூடிக்கொள்ளும், ஆபீஸும் மருத்துவ அறையும் திறந்தே இருக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. ஹலோ சேர்க்கும் திருத்தத்தை நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் (லினக்ஸுக்குள் தனியாகப் பிரித்த சோதனை நெட்வொர்க்) சோதித்தேன், சரியாக வருகிறது. லைன் மாறும்போதும் இது சரியாக இருக்குமா?

அரபிக்கா:

இரண்டு லைனிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். வயர்லெஸ் லைன் பிபிபிஓஇ (லாகின் வைத்து இணையும் முறை) என்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1,492, டனல் ஏதாவது நடுவில் இருந்தால் இன்னும் குறையும், ஹலோ உடையும் இடம் மாறும். எம்எஸ்எஸ் கிளாம்ப் (டிசிபி துண்டின் அளவைக் குறைக்கும் ரூல்) போட்டிருந்தால் இன்னொரு இடத்தில் உடையும். இரண்டு பாக்கெட் என்று எங்கேயாவது கணக்கு வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு நீளத்தை மட்டும் நம்புங்கள். துண்டுகள் வரிசை மாறி வருவதையும், முதல் துண்டு தொலைந்து மறுபடி வருவதையும் டிசி நெட்எமில் (லைன் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் லினக்ஸ் கருவி) உண்டாக்கிப் பாருங்கள், மழையில் அந்த லைனில் அதுதான் நடக்கும். நகல் எடுத்து வைக்கும் இடத்துக்கு ஒரு மேல்வரம்பும் சில நொடிக் காலக்கெடுவும் வையுங்கள். இல்லாவிட்டால் பாதி ஹலோ அனுப்பிவிட்டு நிற்கும் ஒரு டிவைஸே உங்கள் பெட்டியின் மெமரியைத் தின்றுவிடும்.